கணினியின் நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்டவரும் படிக்க முடிகிறதா? அனுமதி ஓட்டையை அடைக்க ஒரு வழிகாட்டி

கணினிக்குள் வந்துபோகும் பாக்கெட்டுகளை (நெட்வொர்க் தரவுத் துண்டுகளை) பிடித்துப் படிக்கும் உரிமையை எந்த இயங்குதளமும் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் அது முழு உரிமையுள்ள ரூட் கணக்குக்கு மட்டும். விண்டோஸில் உடன் வரும் கருவிகளுக்கு நிர்வாகி உரிமை வேண்டும். ஆனால் எப்போதோ ஒருநாள் பாக்கெட் பிடிக்கும் கருவியான வயர்ஷார்க்கை நிறுவியிருப்பீர்கள். அல்லது "அனுமதி இல்லை" என்ற பிழைச் செய்தி வந்ததும் இணையத்தில் கிடைத்த ஒற்றை வரிக் கட்டளையை ஓட்டியிருப்பீர்கள். அன்று திறந்த கதவு இன்னும் திறந்தே கிடக்கும்.

இதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தகவல் கிடைத்தது. ஒருவர் "அனுமதியை மாற்றும் சிமாட் கட்டளையைப் போடு, முடிந்தது" என்பார். ரீஸ்டார்ட் செய்தால் ஓட்டை திரும்ப வந்துவிடும். அதனால்தான் இந்த வரிசை. கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொரு கட்டளையின் உதவிப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டுவது நல்லது.

"எல்லாத் தளங்களும் இப்போது மறையாக்கத்தோடுதான் வருகின்றன, பிடித்தாலும் என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. டிஎல்எஸ் என்ற அந்த மறையாக்கம் இருந்தாலும் நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் கேள்விகளிலும் இணைப்பின் தொடக்கப் பாக்கெட்டுகளிலும் தெரிந்துவிடும். அதைவிட மோசமானது லூப்பேக், அதாவது 127.0.0.1 என்ற முகவரியில் கணினி தனக்குள்ளேயே பேசிக்கொள்வது. உங்கள் செயலி தரவுத்தளத்துக்கு அனுப்பும் வினவல்கள், கேஷ் சர்வருக்குப் போகும் கடவுச்சொல், உள்ளூர் ஏபிஐக்குப் போகும் டோக்கன் எல்லாம் அங்கே பெரும்பாலும் மறையாக்கம் இல்லாமல்தான் ஓடும். "வெளியே போகாததுதானே" என்று யாரும் டிஎல்எஸ் போடுவதில்லை. பாக்கெட் பிடிக்கும் உரிமை உள்ள எந்தப் பயனரும், அந்தப் பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும் இதையெல்லாம் படிக்கலாம். கணினியில் நீங்கள் ஒருவர்தான் என்றாலும் இந்த ஆபத்து உண்டு. தெரியாமல் ஓட்டிய ஒரு ஸ்கிரிப்டுக்கு ரூட் கடவுச்சொல் தேவைப்படாது. உங்கள் கணக்கே போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிர்வாகி அல்லது ரூட் கடவுச்சொல் வேண்டும். கணினியில் உள்ள கணக்குகளின் பட்டியல் வேண்டும். அவர்களில் உண்மையிலேயே பாக்கெட் பிடிக்க வேண்டியவர் யார் என்ற விடையும் வேண்டும். இந்த மூன்றாவதைக் கேட்காமல் இறங்கினால், மறுநாள் காலையில் நெட்வொர்க் பிரிவில் இருப்பவர் உங்கள் மேசை முன் நிற்பார்.

அலுவலகக் கணினி என்றால் எழுத்து மூலமான அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றக் கோரிக்கையில் இவை இருந்தால் போதும்: இப்போதுள்ள அனுமதி நிலை, மாற்றப்போகும் நிலை, யாருக்கு உரிமை தொடரும், ரீஸ்டார்ட் எப்போது, சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி. "இப்போதுள்ள நிலை" என்ற இடத்தில் நினைவிலிருந்து எழுதாதீர்கள். இரண்டாம் படியில் வரும் கட்டளைகளின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து இணையுங்கள். கடைசிப் படியில் அதே கோப்பு மறுபடி தேவைப்படும்.

செலவு ஏதுமில்லை. தேவையான கருவிகள் இயங்குதளத்தோடு வருகின்றன அல்லது இலவசம். விண்டோஸில் மட்டும் ஒரு சின்ன விஷயம் உண்டு, அங்கே சொல்கிறேன். நேரம் ஒரு கணினிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி வரை வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி தேடலும் சோதனையும்தான். இறுதியில் ஒரு ரீஸ்டார்ட் உண்டு. சர்வராக இருந்தால் அதற்கேற்ற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2. ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியில் எதையும் மாற்றாதீர்கள், பார்ப்பது மட்டும்.

மேக்: பாக்கெட் பிடிக்கும் வாசல் டெவ் கோப்புறையில் உள்ள பிபிஎஃப் என்று தொடங்கும் சாதனக் கோப்புகள். எல்எஸ் கட்டளையை நீள் பட்டியல் வடிவில் ஓட்டி அவற்றைப் பாருங்கள். அனுமதி வரிசையின் முதல் எழுத்தை விட்டுவிட்டால், அடுத்த மூன்று இடம் உரிமையாளருக்கு, அதற்கடுத்த மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று மற்றவர்களுக்கு. படிக்க 4, எழுத 2, ஓட்ட 1 என்று கூட்டி ஒவ்வொரு மூன்றையும் ஓர் இலக்கமாகச் சொல்வார்கள். இயல்பு நிலை 600: உரிமையாளர் ரூட், குழு வீல், குழுவுக்கும் மற்றவர்களுக்கும் கோடுகள் மட்டும். குழுவின் பெயர் ஆக்சஸ் பிபிஎஃப் என்றும் அனுமதி 660 என்றும் இருந்தால் வயர்ஷார்க் வந்துபோயிருக்கிறது. அந்தக் குழுவில் இருப்பவர் எல்லாரும் ஒட்டுக்கேட்கலாம். கடைசி மூன்று இடங்களில் ஏதாவது எழுத்து தெரிந்தால் (644, 666, 777) கணினியில் கணக்கு உள்ள அத்தனை பேரும் ஒட்டுக்கேட்கலாம்.

லினக்ஸ்: இங்கே அப்படிப்பட்ட சாதனக் கோப்பு கிடையாது. கேப்-நெட்-ரா என்ற திறனுரிமை (முழு ரூட் இல்லாமல் ஒரு நிரலுக்கு மட்டும் தரும் தனி உரிமை) உள்ள நிரல்தான் வாசல். திறனுரிமைகளைக் காட்டும் கெட்கேப் கட்டளையை சுடோவோடு (ரூட் உரிமையோடு), மூலக் கோப்புறையிலிருந்து முழுவதும் தேடும்படி ஓட்டுங்கள். சுடோ இல்லாமல் ஓட்டினால் மற்றவர்களின் ஹோம் கோப்புறைகள் விடுபட்டுப்போகும். நெட்வொர்க் வழியாக மவுண்ட் செய்த வட்டுகள் இருந்தால் தேடல் வெகுநேரம் இழுக்கும். முடிந்தால் அவற்றைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள்.

பட்டியலைப் பார்த்துப் பதறவேண்டாம். பிங், எம்டிஆர்-பாக்கெட் ஆகிய நெட்வொர்க் சோதனைக் கருவிகளுக்கு இந்த உரிமை இருப்பது பல விநியோகங்களில் இயல்பு. அவை தம் வேலையை மட்டும் செய்யும். வழியில் போகும் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வசதி அவற்றில் இல்லை. கவனிக்க வேண்டியவை இவை:

- டம்ப்கேப் (வயர்ஷார்க்குக்காகப் பாக்கெட் பிடிக்கும் நிரல்): திறனுரிமை இருக்கலாம். ஆனால் கோப்பின் அனுமதி 750 ஆகவும் குழு வயர்ஷார்க் ஆகவும் இருக்க வேண்டும். 755 என்றால் ஓட்டை.
- டிசிபிடம்ப் (டெர்மினலில் பாக்கெட் பிடிக்கும் கருவி): இதற்குத் திறனுரிமை இருந்தால் யாரோ கையால் போட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.
- பைத்தான், பெர்ல், நோட் போன்ற மொழி இயக்கிகள்: இருப்பதிலேயே மோசம் இதுதான். பாக்கெட்டுகளைக் கையாளும் பைத்தான் நிரலான ஸ்கேப்பியை ஓட்டுவதற்காகப் பைத்தானுக்கே உரிமையைக் கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு அந்தக் கணினியில் எவர் எழுதும் எந்தப் பைத்தான் நிரலுக்கும் பாக்கெட் பிடிக்கும் உரிமை உண்டு.

அடுத்து, செட்யுஐடி, அதாவது யார் ஓட்டினாலும் நிரலை அதன் உரிமையாளரின் உரிமையோடு ஓடவைக்கும் குறி. 4000 என்ற பிட் உள்ள கோப்புகளை ஃபைன்டு கட்டளையால் தேடுங்கள். டம்ப்கேப் 4750 ஆக வயர்ஷார்க் குழுவின் கீழ் இருக்கலாம். டிசிபிடம்ப்போ வயர்ஷார்க்கின் டெர்மினல் வடிவமான டிஷார்க்கோ அந்தப் பட்டியலில் வரக்கூடாது.

விண்டோஸ்: நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலில் பாக்கெட் பிடிக்கும் டிரைவர்களான என்பிகேப் அல்லது வின்பிகேப் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், நீங்களே வேறு டிரைவர் எதையும் நிறுவியிராதவரை, உங்களுக்கு வேலை இல்லை. உடன் வரும் பாக்கெட் பிடிக்கும் கருவியான பிகேடிமான் நிர்வாகி உரிமை இல்லாமல் ஓடாது.

3. உரிமையைக் கொடுப்பது யார் என்று கண்டுபிடியுங்கள்

எல்லாரும் தவறவிடும் படி இது. அனுமதியைப் பிடுங்குவது ஒரு நொடி வேலை. ஆனால் கொடுத்தது யாரோ, அது இன்னும் கணினியில் இருந்தால் திரும்பக் கொடுக்கும்.

மேக்கில் டெவ் கோப்புறை ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் புதிதாக உருவாகிறது. ஆகவே நீங்கள் கையால் 600 என்று மாற்றியது அடுத்த தொடக்கத்தில் பொருளற்றுப்போகும். இயல்பாகவே 600 தானே வரும் என்றால், வரும். ஆனால் வயர்ஷார்க்கோடு வந்த சிமாட்பிபிஎஃப் என்ற தொடக்கச் சேவை பின்னாலேயே வந்து 660 ஆக்கிவிடும். நீங்கள் இரவில் கதவைப் பூட்டுகிறீர்கள், காலையில் திறந்துவைப்பதற்கென்றே ஓர் ஆளை வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள்.

லினக்ஸில் கொடுப்பவர்கள் பலர்: தொகுப்பின் அமைப்புக் கேள்விக்கு நீங்கள் சொன்ன "ஆம்", யாரோ கையால் ஓட்டிய செட்கேப் (திறனுரிமை கொடுக்கும் கட்டளை), யார் சுடோ ஓட்டலாம் என்று சொல்லும் சுடோயர்ஸ் கோப்பில் ஒரு வரி, யுடெவ் விதி, சிஸ்டம்டி சேவைக் கோப்பில் எழுதிய திறனுரிமை, தொடக்க ஸ்கிரிப்ட். இடிசி கோப்புறைக்குள் செட்கேப், நெட்-ரா, டிசிபிடம்ப் என்ற மூன்று சொற்களையும் கிரெப் கொண்டு தேடினால் பெரும்பாலும் ஆள் அகப்படுவார். மெய்நிகர் எந்திர மென்பொருள் இருந்தால் டெவ் கோப்புறையில் விஎம்நெட் என்று தொடங்கும் கோப்புகளையும் பாருங்கள். விருந்தினர் எந்திரத்துக்குள் முழுப் போக்குவரத்தும் தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றை எல்லாருக்கும் திறந்துவிடும் வழக்கம் உண்டு.

சுடோயர்ஸ் வரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். "கடவுச்சொல் இல்லாமல் டிசிபிடம்ப் ஓட்டலாம்" என்று ஒரு பயனருக்குக் கொடுத்திருந்தால், அது வெறும் பாக்கெட் பிடிக்கும் உரிமை மட்டும் அல்ல. கோப்பு நிரம்பியதும் வேறொரு கட்டளையை ஓட்டும் விருப்பத்தேர்வு டிசிபிடம்ப்பில் இருக்கிறது; எந்தப் பயனராக ஓட வேண்டும் என்று சொல்லும் விருப்பத்தேர்வும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், வேறு தடுப்பு இல்லாத கணினியில் அந்த வரி முழு ரூட் உரிமைக்குச் சமம். ஒவ்வொரு பயனருக்கும் சுடோ என்னென்ன அனுமதிக்கிறது என்பதை சுடோவின் பட்டியல் விருப்பத்தேர்வால் பார்த்துவிடுங்கள்.

4. மேக்கில் அடைப்பது

பாக்கெட் பிடிக்கும் தேவையே இல்லை என்றால், வயர்ஷார்க்கின் நிறுவல் வட்டுப் படத்தைத் திறங்கள். சிமாட்பிபிஎஃப்பை நீக்குவதற்கென்றே அதில் தனி நீக்கல் தொகுப்பு இருக்கும், அதை ஓட்டுங்கள். வயர்ஷார்க் செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போடுவதால் மட்டும் இந்தச் சேவை போகாது. செயலி போய்ப் பல காலமான கணினிகளில்கூட சேவை காலையில் எழுந்து கதவைத் திறந்துகொண்டிருக்கும். நீக்கிய பிறகு லைப்ரரியின் லாஞ்ச்டீமன்ஸ் கோப்புறையில் சிமாட்பிபிஎஃப் என்று முடியும் பிலிஸ்ட் கோப்பு இல்லை என்பதை உறுதிப்படுத்துங்கள்.

தேவை உண்டு என்றால் சேவையை விட்டுவிட்டுக் குழுவைச் சுருக்குங்கள். டிஎஸ்எடிட்குரூப் கட்டளையால் ஆக்சஸ் பிபிஎஃப் குழுவில் யார் யார் என்று பார்த்து, வேண்டாதவர்களை நீக்கலாம். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எல்லாருக்கும் படிக்கும் அனுமதி கொடுக்கும் தொடக்க ஸ்கிரிப்டைச் சொந்தமாக யாராவது எழுதியிருந்தால், அதே லாஞ்ச்டீமன்ஸ் கோப்புறையில்தான் கிடைக்கும். அதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

5. லினக்ஸில் அடைப்பது

டெபியன், உபுண்டு வகையில் வயர்ஷார்க்-காமன் தொகுப்பை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கொண்டு மறுபடி அமைக்கச் சொல்லுங்கள். "சூப்பர்யூசர் அல்லாதவர்களும் பாக்கெட் பிடிக்கலாமா?" என்று கேட்கும். இயல்பான விடை "இல்லை". எவருக்கும் தேவையில்லை என்றால் அதையே கொடுங்கள்.

ஒருசிலருக்குத் தேவை என்றால் "ஆம்" சொல்வதில் தப்பில்லை. "ஆம்" என்றால் எல்லாருக்கும் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வயர்ஷார்க் குழுவில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது திறக்கிறது. ஜிபாஸ்டபிள்யூடி கட்டளையால் வேண்டாதவர்களை அந்தக் குழுவிலிருந்து நீக்கினால் போதும்.

டிசிபிடம்ப், பைத்தான் போன்றவற்றில் கையால் போட்ட திறனுரிமையை செட்கேப்பின் நீக்கல் விருப்பத்தேர்வால் எடுங்கள். பைத்தானுக்கு இணைப்புக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் வேலை நடக்காது. கெட்கேப் காட்டிய உண்மையான பாதையைக் கொடுங்கள். ஸ்கேப்பி ஓட்டுபவர் முறையிட்டால் அவருக்குத் தனி மெய்நிகர் எந்திரம் கொடுப்பது என் பரிந்துரை. "அவருக்கு மட்டும் ஒரு பைத்தான் பிரதி" என்ற யோசனையும் வரும். பிரதியை 750 அனுமதியோடு தனிக் குழுவின் கீழ் வைத்தால் சரிதான், ஆனால் ஆறு மாதம் கழித்து யாரும் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

இங்கே இன்னொரு கோடிக்குப் போய்விடாதீர்கள். "குழுவும் வேண்டாம், திறனுரிமையும் வேண்டாம், சுடோ போட்டு வயர்ஷார்க்கையே ரூட்டாக ஓட்டிக்கொள்கிறேன்" என்பது பாதுகாப்பு போலத் தோன்றும், அதுதான் ஆபத்து. வெளியிலிருந்து வரும், எவர் வேண்டுமானாலும் திரித்து அனுப்பக்கூடிய பாக்கெட்டுகளைப் பிரித்து வாசிக்கும் நிரல் அது. நூற்றுக்கணக்கான நெறிமுறைகளுக்கான வாசிப்பிகள் அதில் இருக்கின்றன. அவற்றில் பிழைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. அதனால்தான் பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற சிறிய நிரலுக்குப் பிரித்துக் கொடுத்து, உரிமையை அதற்கு மட்டும் வைத்திருக்கிறார்கள்.

6. விண்டோஸில் அடைப்பது

வின்பிகேப் இருந்தால் நீக்குங்கள். 2013-இல் வந்த 4.1.3-தான் அதன் கடைசிப் பதிப்பு.

என்பிகேப்பை மறுபடி நிறுவுங்கள். நிறுவலின்போது "டிரைவர் அணுகலை நிர்வாகிகளுக்கு மட்டும் கட்டுப்படுத்து" என்ற பெட்டி வரும். இயல்பாக அதில் டிக் இருக்காது. அதை டிக் செய்யுங்கள். இனி சாதாரணப் பயனர் வயர்ஷார்க்கைத் திறந்தால் நிர்வாகி ஒப்புதல் கேட்கும் சாளரம் வரும்.

முன்பு சொன்ன செலவு விஷயம் இதுதான்: பல கணினிகளில் கேள்வி கேட்காமல் தானாக நிறுவும் வசதி என்பிகேப்பின் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இலவசப் பதிப்பை ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து நிறுவ வேண்டும். நேரக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. டாக்கர் இருந்தால்

டாக்கர் கன்டெய்னர்களுக்கு (நிரல்களைத் தனித்து ஓட்டும் பெட்டிகளுக்கு) நெட்-ரா உரிமை இயல்பாகவே உண்டு. தனி நெட்வொர்க்கில் ஓடும்வரை அது அந்த நெட்வொர்க்கோடு நிற்கும். கணினியின் நெட்வொர்க்கையே நேராகப் பயன்படுத்தும்படி ஓட்டினால் உள்ளிருக்கும் நிரல் உங்கள் போக்குவரத்தைப் படிக்கலாம். அப்படி ஓடுபவற்றுக்கு நெட்-ராவைக் கைவிடும் விருப்பத்தேர்வைச் சேருங்கள். டாக்கர் குழுவில் இருப்பவர் நடைமுறையில் ரூட். மேலே செய்த வேலை எல்லாம் அவரைக் கட்டுப்படுத்தாது. அந்தக் குழுவையும் ஒருமுறை பாருங்கள்.

8. ஏற்கெனவே பிடித்து வைத்தவை

வாசலை அடைத்தாயிற்று, முன்பு பிடித்தவை வட்டில் கிடக்கின்றன. பிகேப், பிகேப்என்ஜி என்று முடியும் கோப்புகளை முழு வட்டிலும் தேடுங்கள், தற்காலிகக் கோப்புறை உட்பட. சேமித்தவரின் யுமாஸ்க் (புதிய கோப்புகளில் எந்த அனுமதியைக் கழிப்பது என்ற அமைப்பு) 022 என்றால் டிசிபிடம்ப் எழுதிய கோப்பு 644 ஆக, எல்லாரும் படிக்கும்படி இருக்கும். வேண்டாததை அழியுங்கள், வேண்டியதை 600 ஆக்குங்கள். காப்புப் பிரதிகளிலும் இவை போயிருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் டிஎல்எஸ் சாவிகளை ஒரு கோப்பில் எழுதும்படி செய்யும் சூழல் மாறி ஒன்று உண்டு. பிழை தேடுபவர்கள் அதை ஷெல் அமைப்புக் கோப்பில் போட்டுவிட்டு மறப்பார்கள். அதன் பெயரில் எஸ்எஸ்எல், கீ, லாக் மூன்றும் வரும். அந்தச் சாவிக் கோப்பும் பிடித்த பாக்கெட்டுகளும் ஒருவர் கையில் சேர்ந்தால் மறையாக்கம் இருந்தும் இல்லாததுபோலத்தான். வரியை எடுத்துவிட்டுச் சாவிக் கோப்பையும் அழியுங்கள்.

யாராவது ஏற்கெனவே ஒட்டுக்கேட்டார்களா என்று தெரிய வேண்டுமா? கர்னல் பதிவில் "ப்ரோமிஸ்க்யூஸ் மோடு" (தனக்கு வராத பாக்கெட்டுகளையும் பிடிக்கும் முறை) என்ற சொல்லைத் தேடலாம். கிடைத்தால் துப்பு, கிடைக்காவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. அந்த முறையை இயக்காமலே இந்தக் கணினியின் சொந்தப் போக்குவரத்தை முழுவதும் பிடிக்கலாம், அதற்குக் கர்னல் பதிவு எழுதாது. ஆகவே பலர் பயன்படுத்தும் கணினியில் ஓட்டை திறந்து கிடந்தது என்றால், மறையாக்கமில்லாமல் போன கடவுச்சொற்களையும் டோக்கன்களையும் மாற்றிவிடுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் முதலில்.

9. ரீஸ்டார்ட், பிறகு சோதனை

அனுமதியை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் நிரலின் கையிலிருந்து அது பறிபோகாது. குழுவிலிருந்து நீக்கப்பட்டவரின் நடப்பு அமர்வும் பழைய குழுவோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். லாக்-அவுட் செய்தால் போதும் என்பார்கள். டிமக்ஸ், ஸ்கிரீன் போன்றவற்றில் விட்டுவைத்த அமர்வுகள் லாக்-அவுட்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும். ஆகவே ரீஸ்டார்ட்.

சோதனையை உங்கள் கணக்கில் செய்யாதீர்கள். எந்தக் கூடுதல் குழுவும் இல்லாத புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் நுழைந்து, சுடோ இல்லாமல் டிசிபிடம்ப்பை லூப்பேக் இடைமுகத்தில் ஓட்டுங்கள். "அனுமதி இல்லை" என்று வர வேண்டும். டம்ப்கேப்பையும் அதேபோல ஓட்டுங்கள். விண்டோஸில் வயர்ஷார்க்கைத் திறந்து, நிர்வாகி ஒப்புதலை மறுத்தால் இடைமுகப் பட்டியல் வரக்கூடாது. பிறகு உரிமை தொடர வேண்டியவரின் கணக்கில் எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் சோதனைக் கணக்கை நீக்க மறக்காதீர்கள்.

10. அப்டேட்டுக்குப் பிறகு

தொகுப்பு அப்டேட் ஆகும்போது கோப்பு புதிதாக வரும். கையால் போட்ட செட்கேப் அப்போது மறைந்துவிடும், அது நல்லது. ஆனால் கையால் போட்ட சிமாட்டும் மறைந்து இயல்புக்குத் திரும்பும், அது சிக்கல். டெபியன் வகையில் டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு கட்டளையால் அனுமதியைப் பதிவுசெய்தால் அப்டேட் அதை மதிக்கும். மேக்கில் வயர்ஷார்க்கின் புதிய பதிப்பை நிறுவும்போது சிமாட்பிபிஎஃப் தொகுப்பை நிறுவச் சொல்லிக் கேட்டால், தேவையில்லாதவர்கள் மறுத்துவிடுங்கள். விண்டோஸில் வயர்ஷார்க் நிறுவி என்பிகேப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். ஆறாம் படியில் சொன்ன பெட்டியில் டிக் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

எல்லாம் சரியானதும் இரண்டாம் படியின் கட்டளைகளை மறுபடி ஓட்டி வெளியீட்டைப் புதிய கோப்பாகச் சேமியுங்கள். பழையதையும் புதியதையும் டிஃப் கொண்டு ஒப்பிட்டு, மாறிய வரிகளை மாற்றக் கோரிக்கையோடு இணைத்து முடித்துவிடலாம். அடுத்த பெரிய அப்டேட் வந்ததும் இந்தப் புதிய கோப்போடு ஒப்பிடுங்கள். கூடுதலாக ஒரு வரி தெரிந்தால் மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.